நாடற்றவர் என்னும் சொல்

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரைப் பொருளாகக் கொண்டு ஈழத்தில் எழுந்த கதைகளிலும் கட்டுரைகளிலும் 'நாடற்றவர்' என்னும் சொல் பலகாலும் வழங்கி வந்துள்ளது. அதனைக் கையாண்டோர் பெரும்பாலும் நல்லெண்ணங் கொண்டோரே. ஆயினும், இலக்கியத்தை மக்களின் விடுதலைக்குரிய கருவியாகக் கொள்வோர் ஒரு சொல்லை அதன் பின்னுள்ள இரக்கத்துக்காக மட்டும் ஏற்றல் இயலாது. அச்சொல் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்று ஆராய்தல் நமது கடன்.

தாயற்ற பிள்ளை என்கிறோம். மழையற்ற ஆண்டு என்கிறோம். அங்கே இழப்பு உண்டு, இழப்பித்தவன் இல்லை. 'நாடற்றவர்' என்னும் சொல்லும் அதே அச்சில் வார்க்கப்பட்டதே. பறித்தவர் யார், எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தினால் என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை. அரசியற் செயலொன்று விதியின் விளையாட்டாகத் தோற்றமளிக்கிறது.

நிகழ்ந்தது விதியன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, வம்சாவளியாற் பிரசையாவதற்கு ஒருவன் இந்நாட்டிற் பிறந்தது மட்டும் போதாது. அவன் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். கோப்பிக் காலத்திற் காடு வெட்ட வந்தவனின் பேரன் இதற்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? மேலும், அச்சட்டம் தந்தைவழியை மட்டுமே கணக்கில் எடுத்தது. இந்நாட்டின் செல்வத்தைத் தன் விரல்களாற் கிள்ளிச் சேர்த்த கொழுந்து பறிக்கும் பெண்ணின் பிறப்பு, அவள் பெற்ற பிள்ளைக்கே உதவவில்லை.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பிப்போர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் என விதித்தது: மணமானோர் 7 ஆண்டுகள், மணமாகாதோர் 10 ஆண்டுகள். அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் கொண்டுபோயிற்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றம் அனுப்பினர். 1952இல் அத்தொழிலாளருட் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளின் பக்கமும் சாய்ந்தன என்பதை நினைவிற் கொண்டால், இச்சட்டங்களின் வர்க்க நோக்கம் தெளிவாகும்.

'நாடற்றவர்' என்பது சட்ட நூல்களும் வழங்கும் சொல், உரிமை கேட்போருக்கு அது பயன்பட்டது எனச் சிலர் கூறுவர். உண்மையே. விண்ணப்பத்தில் எழுதுவதற்கு அது பொருத்தமான சொல்தான். ஆனால் இலக்கியம் விண்ணப்பமன்று. ஒருவனது நிலையைக் கூறுவதோடு நில்லாமல், அந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் காட்டுவதே நடப்பியல்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', நந்தியின் 'மலைக்கொழுந்து' ஆகிய தோட்ட நாவல்கள் 1964இல் வெளிவந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று இரு அரசுகளும் பங்கிட்டன. 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்த மேசையில் அம்மக்களுக்கு ஓர் ஆசனந்தானும் இருக்கவில்லை.

அட்டையும் குளிரும் கங்காணியின் கொடுமையும் நம் கதைகளில் நிறைய உண்டு. கந்தோர்ப் படிவமும் விசாரணை அதிகாரியின் கேள்வியும் நிராகரிப்புக் கடிதமும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அம்மக்களின் வாழ்வைத் தீர்மானித்தவை அக்காகிதங்களே. எழுத்தாளர் தயங்கிய இடத்தில் மக்களே சொல் படைத்தனர். உறவினரைப் பிரித்துத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்தை அவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். நமது இலக்கியச் சொல்லில் இல்லாத செயல் அந்தப் பெயரில் உண்டு: ஏற்றிச் செல்லும் வண்டியும் உண்டு, அழுகின்ற மனிதரும் உண்டு.

எழுவாயற்ற சொல் நமக்கு ஏன் உவப்பாயிற்று? எழுவாயைத் தேடின் அது சிங்களப் பேரினவாதத்தோடு மட்டும் நின்றுவிடாது. முதற் சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரான பின்னர் அடுத்த சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் போன்றோர் அவரைப் பிரிந்தனர். ஆனால் வடக்கின் தலைமை ஒன்று அமைச்சரவையிலேயே இருந்தது. 1948இல் இச்சட்டத்தை உறுதியோடு எதிர்த்தது லங்கா சமசமாஜக் கட்சி. 1964 ஒக்டோபரில் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அக்கட்சியின் தலைவர்களும் அமைச்சர்களாகவே வீற்றிருந்தனர். தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் எழுதுவோர் இதனை எழுதாது விடுவது நேர்மையன்று.

1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் இலங்கையில் அச்சொல்லின் சட்டப் பொருள் ஏறக்குறைய முடிவுற்றது. ஆனால் கணக்குத் தீரவில்லை. தலைமுறைகளாக லயன் காம்பறாக்களில் வாழும் பலருக்குக் காணியுரிமை இன்னும் கிட்டவில்லை. கடல் கடந்து தமிழகத்து அகதி முகாம்களில் வாழும் மலையக வம்சத்தவருட் பலர் எந்நாட்டுப் பிரசாவுரிமையும் இன்றி இருக்கின்றனர். அவர்களையும் 'நாடற்றவர்' என்று கூறிப் பெருமூச்சு விடுவது எளிது.

ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பறையில் மலையக இலக்கியத்தைப் படிக்கும்போது இந்த இடத்தில் ஒருகணம் நிற்பார்களாக. பயனிலையை மட்டும் கூறி மாணவன் வாக்கியத்தை முடித்தால் எழுவாய் எங்கே என்று ஆசிரியர் கேட்பதில்லையா? அதே கேள்வியை நம் எழுத்தாளரிடமும் கேட்போம். 'நாடு பறிக்கப்பட்டவர்' என்று எழுதட்டும். பறித்த சட்டத்தின் ஆண்டையும், அதற்குக் கையுயர்த்தியோரின் பெயரையும் சேர்த்தே எழுதட்டும்.