ஒற்றும் குறியும்: தேர்வுத்தாளில் தமிழிலக்கணம்

நான்கு வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றுள் பிழையற்றதைத் தெரிவு செய்க என்று கேட்பது மலேசியத் தமிழ்த் தேர்வுகளில் நெடுநாள் வழக்கம். மூன்று வாக்கியங்களில் ஒரு வல்லொற்று மிகையாகவோ குறையாகவோ இருக்கும். அல்லது ஒரு காற்புள்ளி இடம் மாறி நிற்கும். 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. ஆயினும் அது வளர்த்த இந்த நால்விடைப் பழக்கம் வகுப்பறையை விட்டு நீங்கவில்லை. பல்லாயிரம் தாள்களை ஒரே சீராகத் திருத்த அம்முறை உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வினா எதைச் சோதிக்கிறது என்பதே கேள்வி.

கோல சிலாங்கூர் வட்டாரத்தின் நிலையை எடுத்துக்கொள்வோம். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல்லாண்டுகள் ஆயின. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாய் வழியே கற்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் அதற்குக் கட்டாயப் பாடமன்று. ‘ஒற்றுப் பிழையில் மதிப்பெண் போய்விடும்’ என்னும் அச்சம் ஒன்றே அப்பாடத்தை விட்டுவிடப் போதிய காரணமாகிவிடுகிறது. வட சிலாங்கூரின் எல்லையைக் கடந்தால் தஞ்சோங் மாலிம். அங்குள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியராகப் பயிலலாம். எஸ்.பி.எம்.மில் தமிழைக் கைவிட்ட பிள்ளைக்கு அவ்வழி எட்டாத் தொலைவாகிவிடும்.

இத்தனைக்கும் அப்பிள்ளை ஒற்றறியாப் பிள்ளையன்று. ‘பள்ளிக்கூடம்’ என்பதை அது ஒருநாளும் ‘பள்ளிகூடம்’ என்று சொன்னதில்லை. ‘மாட்டுக் கொட்டாய்’, ‘செம்பனத் தோட்டம்’ என்று வீட்டிலே பேசும்போது வல்லெழுத்து தானே இரட்டிக்கிறது. இரட்டிக்காவிடில் ககரம் நெகிழ்ந்து வேறோசையாகிவிடும். காது அறிந்ததைக் கண்ணுக்குக் காட்டித் தருவதே ஆசிரியர் வேலை. மாறாக, வலி மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று இரு பட்டியல்களை மனப்பாடம் செய்விப்பதால், நாவில் உள்ள இலக்கணம் பிள்ளைக்கு அயல்மொழி விதிபோலத் தோன்றுகிறது.

ஒற்று அணிகலன் அன்று. பொருளைப் பிரிக்கும் கருவி. ‘தந்த பலகை’ எனின் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ எனின் யானைத் தந்தத்தால் ஆனது. ‘நடுகல்’ வினைத்தொகை, மாண்ட வீரனுக்கு நட்ட கல். ‘நடுக்கல்’ என்றால் நடுவே கிடக்கும் கல். ‘பள்ளி கட்டினார்கள்’ என்பதில் ஐயுருபு மறைந்து நிற்பதால் வலி மிகவில்லை. ‘பள்ளிக் கட்டடம்’ என்பதில் மிகுந்தது. இவற்றுள் எது பிழை என்று கேட்பது வீண். எதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பிள்ளை சிந்திக்கும்.

நிறுத்தக்குறியின் கதை சற்றே வேறு. ஏட்டுச்சுவடியில் இன்றைய குறிகள் இல்லை; அச்சுடன் ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்தவை அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்குறக் கையாண்டார். அதற்கு முன் தமிழ் குழம்பிக் கிடந்ததா? இல்லை. ‘வந்தானா’ என்பதில் ஆகாரமே வினாக்குறி. ‘அண்ணனும் தம்பியும்’ என்பதில் உம்மையே காற்புள்ளி. செய்யுளில் சொற்களை எவ்வாறு கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு நன்னூலார் எண்வகைப் பொருள்கோள் வகுத்தார். ஆகவே தமிழில் குறி பல இடங்களில் இரண்டாம் காவலன். சில இடங்களில் மட்டுமே தனிக்காவலன். தேர்வு நாட வேண்டியது அந்தச் சில இடங்களையே.

ஒன்றைப் பார்க்கலாம்: நான் நாளை வேலைக்கு வருவேன் என்று கிராணியார் சொன்னார். வருபவர் யார்? கிராணியாரா, இதைச் சொல்லிக்கொண்டிருப்பவரா? மேற்கோள்குறி இட்டால் கிராணியார் தம் வாயால் சொன்ன சொல்லாகிறது, அவரே வருவார். குறியின்றேல் இரண்டுக்கும் இடமுண்டு. ‘என்று’ என்னும் சொல் பேச்சின் முடிவைக் காட்டுமேயன்றி அதன் தொடக்கத்தைக் காட்டாது. நால்விடை வினாவோ பெரும்பாலும் இவ்விடத்தை விட்டுவிட்டு, ‘வந்தாயா’ என்பதன் பின் வினாக்குறி இட்டாயா என்று பார்த்துக் கொண்டிருக்கிறது!

இப்பிள்ளைகள் பயிலும் மலாயிலும் குறி சில இடங்களில் பொருளைச் சுமக்கிறது. ‘மாத்தா’ கண், இணைகோடிட்டு ‘மாத்தா-மாத்தா’ என இரட்டித்தால் காவலர். முன்பு மலாயில் இந்த இரட்டிப்பை 2 என்னும் எண்ணால் குறித்து வந்தனர். 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் இணைகோட்டுடன் முழுதாக எழுதுவது விதியாயிற்று. அங்கே பொருளோடு குறி கற்ற பிள்ளைக்குத் தமிழில் மட்டும் அதைப் பொருளின்றிக் கற்பிப்பானேன்?

ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். நிலைக்கு வந்தால் இக்குறை இன்னும் வெளிப்படும். ஒரு தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரை பொருள்படலாம் என்று நன்னூலே இடந்தருகிறது. ‘மரவேலி’ என்பதற்கு உரையாசிரியர் ஆறு பொருள் விரித்தனர்: மரத்தைக் காக்கும் வேலி, மரத்தால் ஆகிய வேலி, மரத்துக்கு வேலி, மரத்தினது வேலி, மரத்தின் புறத்தே உள்ள வேலி, மரமாகிய வேலி. பவணந்தியார் ஆறுக்கு இடம் வைத்த தொடரில் ஒன்றே சரி என்று வட்டமிடச் சொல்வது இலக்கணச் சோதனை ஆகாது. அவற்றுள் மூன்றை வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக என்று கேட்டால் திருத்துவோருக்கு வேலை கூடும் என்பது மெய்யே. கீழ்வகுப்புகளுக்கோ ‘தந்த பலகை’, ‘தந்தப் பலகை’ போன்ற ஓரிணை போதும். ஒரு மதிப்பெண் பொருளுக்கு, ஒன்று ஒற்றுக்கு.