வாசலில் நிற்கும் பிள்ளைகள்

மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘போசாதா’ நடக்கும். இயேசுவின் பிறப்புக்கு முன் மரியாளும் சூசையும் பெத்லகேமில் தங்க இடம் தேடி அலைந்ததைத் தெருவே நடித்துப் பார்க்கும் வழக்கம் அது. பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு ஊர்வலமாக வந்து ஒரு வாசலில் நின்று, இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் இல்லையென்று பாட்டாலேயே விரட்டுவார்கள். கடைசியில்தான் கதவு திறக்கும். பிள்ளைகளின் பண்டிகை என்றாலே கையில் எதையாவது திணிப்பது என்றாகிவிட்ட காலத்தில், இங்கே பிள்ளைக்கு முதலில் கிடைப்பது மறுப்பு. இந்த வழக்கத்தின் பலமே அதுதான். போக்கிடம் இல்லாதவரின் நிலையை யாரும் பிள்ளைக்குப் போதிப்பதில்லை. வாசலில் நின்று அதுவே தெரிந்துகொள்கிறது. கதவு எப்படியும் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியுமே, இது வெறும் நாடகம்தானே என்று கேட்கலாம். நாடகம்தான். ஆனால் அதில் பிள்ளை பார்வையாளர் அல்ல.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகோல்மான் மடத்து அகுஸ்தீன் சபைத் துறவிகள், அந்த மண்ணின் பூர்வகுடிகளான அஸ்டெக்குகளின் குளிர்காலத் திருவிழா இருந்த இடத்தில் இதை வைத்தது மதமாற்றத்துக்காகவே. போசாதாவில் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடித்து உடைக்கும், மிட்டாய் நிரப்பிய ‘பின்யாதா’வின் ஏழு கூம்புகளும் ஏழு தலையான பாவங்கள், கண்கட்டு விசுவாசம், கோல் நற்பண்பு என்பது மறைக்கல்விப் பாடம். மறுப்பதற்கில்லை. ஆனால் கோவில் முற்றத்திலிருந்து தெருவுக்கு வந்த பிறகு விழா துறவிகளின் கையில் நிற்கவில்லை. பாவத்தை அடித்து உடைத்தால் அருள் கொட்டும் என்பது பாடம். நடப்பிலோ கொட்டியதைப் பொறுக்க எல்லோரும் பாயும்போது முழங்கை பலமுள்ளவனுக்குத்தான் அருள். சின்னப் பிள்ளை அழுதபடி எழுந்திருக்கும். வேர்க்கடலை, மாண்டரின் ஆரஞ்சு, கரும்புத் துண்டு, மிட்டாய் போட்டு ஆளுக்கொரு பையாக ‘அகினால்தோ’ கொடுப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது.

உண்மையில் இடறுவது ஜனவரி 6, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று கடிதம் எழுதி, காலணியை எடுத்து வைத்தால் ராஜாக்கள் பொம்மை வைத்துவிட்டுப் போவார்கள். அப்பாவின் வருமானம் பிள்ளையின் நடத்தைக்குப் போட்ட மதிப்பெண் ஆகிவிடுகிறது. சாண்டா கிளாஸ் வந்து இந்தக் கணக்கைப் பெரிதாக்கினாரே தவிர மாற்றவில்லை. அவருக்குப் போட்டியாக 1930-இல் அரசாங்கம் கெட்சால்கோவாட்ல் என்ற அஸ்டெக் தெய்வத்தைப் பரிசு கொடுக்க இறக்கிப் பார்த்தது, நிலைக்கவில்லை. அவரும் கொடுக்க மட்டுமே வந்தார், பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. அதே ஜனவரி 6-இல் வெட்டும் ‘ரோஸ்கா’ ரொட்டியில் கணக்கு வேறு: உள்ளே ஒளித்த குழந்தை பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் ‘தமால்’ என்ற சோளமாவுப் பலகாரம் போட வேண்டும். பிள்ளைக்கு அகப்பட்டால் செலவு பெற்றோருடையது என்பது வேறு விஷயம்.