பள்ளிப் பாடநூலில் காந்தம்

நடுநிலைப் பள்ளி அறிவியல் நூல்களில் காந்தப் பாடம் பெரும்பாலும் ஓர் ஆட்டிடையனிடமிருந்து தொடங்குகிறது. மாக்னஸ் என்பவன் ஆடு மேய்த்தபோது அவனுடைய காலணி ஆணிகளும் கோலின் இரும்பு நுனியும் பாறையில் ஒட்டிக்கொண்டனவாம். முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்த கதை இது. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், சாதாரணமாகக் கிடைக்கும் காந்தக்கல் குண்டூசிகளைத் தூக்கும். ஆளையே நிறுத்திவைக்கும் வலிமை அதற்கு ஏது? நூல் இந்த ஐயத்தை எழுப்புவதில்லை.

அடுத்து வருவது அட்டவணை. இரும்பு, நிக்கல், கோபால்ட் காந்தப் பொருள்கள். மரம், கண்ணாடி, செம்பு அவ்வாறல்ல. மாணவன் வீட்டிற்குச் சென்று காந்தத்தை எவர்சில்வர் தம்ளர்களில் வைத்துப் பார்க்கிறான். சில ஒட்டுகின்றன, பல ஒட்டுவதில்லை. எவர்சில்வரில் பெரும்பங்கு இரும்புதான். பல வகைகளில் நிக்கலும் உண்டு. இரண்டு 'காந்தப் பொருள்கள்' கலந்தும் ஈர்ப்பு இல்லை! குரோமியமும் நிக்கலும் உரிய அளவில் சேரும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறிவிடுவதே காரணம். எந்த அணு என்பது மட்டுமன்று, எப்படி அடுக்கப்பட்டுள்ளது என்பதும் முக்கியம். (ஒட்டாத தம்ளரிலும் மடித்த விளிம்பில் காந்தம் இலேசாகப் பற்றக்கூடும், அடித்து வளைத்த இடத்தில் அடுக்கு மறுபடி ஓரளவு மாறுகிறது.) இத்தனை நல்ல பாடம் சமையலறையில் இருக்க, அட்டவணையை நம்பிய பிள்ளை தன் சோதனைதான் தவறு என்று எண்ணிக்கொள்கிறான்.

இதன் விளைவைக் கல்லூரியில் நான் காண்கிறேன். முதலாண்டு மாணவரிடம் உருவில் ஒத்த இரு தண்டுகளைக் கொடுப்பது என் வழக்கம். ஒன்று காந்தம், மற்றது வெறும் இரும்பு. வேறெந்தப் பொருளின் துணையுமின்றி எது காந்தம் என்று கூற வேண்டும். "விலக்கமே உறுதியான சோதனை" என்று எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். இங்கே விலக்கமே நிகழாதே! சென்ற ஆண்டு ஒரு மாணவி மட்டும் ஒரு தண்டின் முனையை மற்றதன் நடுவில் வைத்துப் பார்த்தாள். நன்றாக இழுத்தால் கையிலிருப்பது காந்தம். இழுக்காவிட்டால் கையிலிருப்பது இரும்பு. ஏனெனில் சட்டக் காந்தத்தின் நடுப்பகுதியில் ஈர்ப்பு மிகக் குறைவு. பழைய ஒலிபெருக்கியை உடைத்துக் காந்தம் எடுத்து விளையாடியவளாம் அவள்.

1600-இல் காந்தம் பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் கில்பர்ட்டுக்குப் பாடநூல் ஒரு வரி ஒதுக்குகிறது: பூமி ஒரு பெரிய காந்தம் என்றார். எப்படிச் சொன்னார் என்பதில்லை. காந்தக்கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேல் சிறு ஊசியை இடம் இடமாக வைத்துப் பார்த்தவர் அவர். வைரத்தில் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்று அந்நாளில் எழுதியிருந்தார்கள். 75 வைரங்களைக் கொண்டு, பலர் முன்னிலையில் சோதித்து, அது பொய்யென்று கண்டார். இடையன் கதைக்குத் தந்த பத்தியை இவருக்குத் தந்திருக்கலாம்.

'செய்து பார்' என்ற கட்டங்கள் நூல்களில் உண்டு; பாராட்டத்தக்கவை. ஆனால் சோதனையின் முடிவும் அதே கட்டத்தில், அடுத்த வரியிலேயே அச்சாகியிருக்கிறது. அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரியையாவது பாடத்தின் கடைசிப் பக்கத்திற்கு மாற்றலாம்.