மால் என்றால் மயக்கம்

அவலாஞ்சியில் ஷாப்பிங் மால் கிடையாது. ஏரி, சோலைக்காடு, ட்ரவுட் மீன் பண்ணை, ஃபாரஸ்ட் செக்போஸ்ட், அவ்வளவுதான். சோப்பு தீர்ந்தால் எமரால்டு பஜார். கொஞ்சம் பெரிசாக ஏதாவது வேண்டுமென்றால் ஊட்டி. மால்களைப் பற்றி நிதானமாக யோசிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தமிழில் 'மால்' என்றால் மயக்கம் என்று பழைய அர்த்தம் ஒன்று உண்டு. சென்னையை முதலில் அப்படி மயக்கியது அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசா. 1860-களில் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த கடை. 1895-ல் அதற்கு அரண்மனை மாதிரி ஒரு சிவப்புக் கட்டடம். அது எண்பதுகளில் தீயில் போயிற்று. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அதே மனையில் கண்ணாடியும் ஏ.சி.யுமாகப் புதுசு எழும்பியது.

அப்புறம் கூட்டம்! லேண்ட்மார்க்கில் புத்தகம், மியூஸிக் வேர்ல்டில் ஸிடி. எதுவும் வாங்காமல் ஏ.சி.யில் சுற்றியவர்கள்தான் அதிகம். எஸ்கலேட்டரில் கால் வைக்க பயந்து, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அது உங்கள் அம்மாவாகவே இருக்கலாம்.

2010-ல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ். ஸ்பென்சரில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கட்டடம் இருக்கிறது; களை போய்விட்டது.

'புதுசு வந்தால் பழசு படுத்துவிடும், இதிலென்ன அதிசயம்?' என்பீர்கள். அப்படியானால் ரங்கநாதன் தெரு ஏன் படுக்கவில்லை? ஏ.சி. இல்லை, பார்க்கிங் இல்லை, மூச்சுவிட இடமில்லை. இருந்தும் தீபாவளிக்கு நெரிகிறது. காரணம், பக்கத்திலேயே மாம்பலம் ஸ்டேஷன். ரயில் நிற்கும்வரை தெருவும் நிற்கும்.

ஸ்பென்சரின் வியாதி வேறு. அங்கே கடைகளைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஆளுக்கொரு முதலாளி. கடைக்குள் லைட் எரிகிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்வார்கள். தாழ்வாரத்து பல்ப்? லிஃப்ட்? பாத்ரூம்? எல்லாருக்கும் பொது என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று அர்த்தம். புது மால்களில் ஒரே சொந்தக்காரர், கடைகள் வாடகைக்கு. எந்தக் கடை எந்த மாடியில், யாரை எப்போது காலி பண்ணச் சொல்வது என்று அவர் தீர்மானிக்கிறார். கறார்தான், ஆனால் துடைப்பம் ஒழுங்காக ஓடுகிறது.

இதில் அடிபடுவது மால் கட்டியவரல்ல. விற்றுவிட்டு அவர் எப்போதோ போய்விட்டார். பி.எஃப். பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு, 'வாடகை வரும், கவலையில்லை' என்று பத்துக்குப் பத்தில் ஒரு கடை வாங்கிப் போட்டவர்தான். விற்கவும் முடியாது, விடவும் முடியாது.

மாலின் பிதாமகர் விக்டர் க்ரூயென் 1956-ல் அமெரிக்காவில் சவுத்டேல் மாலைக் கட்டியபோது, சுற்றிலும் வீடு, பள்ளிக்கூடம், பூங்கா என்று ஒரு ஊரையே கனவு கண்டார். கார் பார்க்கிங்கும் கடைகளும்தான் மிஞ்சின. கடைசிக் காலத்தில் 'இவை என் பிள்ளைகளே இல்லை' என்கிற அளவுக்கு வெறுத்துப்போனார்.

இன்று கோவையிலிருந்து மதுரை வரை புறவழிச்சாலையில் எது எழும்பினாலும் அதற்குப் பெயர் மால். பளபள ப்ரோஷரோடு ஒருவர் உங்கள் வீட்டுக்கும் வருவார். காபி கொடுங்கள். கடை எத்தனை சதுர அடி என்று அப்புறம் கேட்கலாம். முதலில், தாழ்வாரம் யாருடையது என்று கேளுங்கள்.