நகையும் அழுகையும்: டோரியின் கதையும் முசலிச் சிறுவரும்

சிறுவர்க்கு ஏற்ற திரைப்படம் எது என்னும் வினாவுக்குத் தணிக்கையாளர் ஓரிரு எழுத்துக்களில் விடை கூறிவிடுகின்றனர். திறனாய்வு அவ்வாறு கூறி அமைய இயலாது. ஒரு படத்தின் தொடர்ச்சியாக வரும் இரண்டாம் படத்தை மதிப்பிடுமிடத்து இவ்வினா மேலும் சிக்கலடைகின்றது. முதற் படத்திற் பழகிய பாத்திரங்களை நம்பியே குழந்தை இரண்டாம் படத்தைக் காண வருகின்றது. அந்நம்பிக்கையை இரண்டாம் படம் எவ்வாறு கையாளுகின்றது என்பதே முதன்மையாக நோக்கப்படவேண்டியதாகும்.

அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பைண்டிங் நீமோ', அதன் தொடர்ச்சியாக 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'பைண்டிங் டோரி' ஆகிய அசைவூட்டத் திரைப்படங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இரண்டும் கடலையும் பிரிவையும் பொருளாகக் கொண்டவை. கடலும் பிரிவும் வாழ்வோடு கலந்துவிட்ட மன்னார் மாவட்டத்து முசலி போன்ற பிரதேசத்தின் இளஞ்சிறார்க்கு இவை ஏற்றனவா என்பதைத் தரச்சான்றிதழைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது.

அச்சான்றிதழ்களிலேயே ஒரு முரண்பாடு காணப்படுகின்றது. முதற் படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நீமோவின் தாயும், ஒன்றைத் தவிர ஏனைய முட்டைகள் அனைத்தும் கொடிய மீனொன்றுக்கு இரையாகின்றன. எனினும் அமெரிக்கத் தரப்படுத்தலில் அது எல்லா வயதினர்க்கும் உரியதெனக் கொள்ளப்பட்டது. அத்தகைய படுகொலை எதுவுமில்லாத இரண்டாம் படமோ பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்னும் குறிப்பைப் பெற்றது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெரிதும் துணைபுரிகின்றது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகைக்கு உரியன. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகைக்கு உரியன. முதற் படம் தந்தது பெரும்பாலும் விலங்கின்பாற்பட்ட அச்சம். அது திரையில் வெளிப்படையாகத் தோன்றி மறைவது. தாயின் மடியிற் கண்ணைப் பொத்திக்கொள்ளும் குழந்தை அதனைக் கடந்துவிடும். இரண்டாம் படம் தருவதோ அழுகை. அதற்குக் கண்ணைப் பொத்துதல் மருந்தாகாது.

முதற் படத்தில் டோரி என்னும் நீலமீனின் மறதி நகைச்சுவைக்கே பயன்பட்டது. கேட்டதையும் கண்டதையும் மறுகணமே மறந்துவிடும் அவளது பேதைமையைக் கண்டு சிறுவர் சிரித்தனர். இரண்டாம் படம் அதே மறதியை அவளது துயரின் ஊற்றாக மாற்றிவிடுகின்றது. தன் மறதியை எண்ணித் தாய் அழுவதைக் கேட்ட குஞ்சு மீன், அவளை மகிழ்விக்க ஊதாநிறச் சிப்பியொன்றை எடுக்கச் செல்கையில் நீரோட்டத்தால் அடித்துச் செல்லப்படுகின்றது. பின்னர், பெற்றோரைத் தொலைத்தது தன் மறதியே என்ற குற்றவுணர்வு டோரியை வாட்டுகின்றது. அன்று சிரித்த குழந்தை, அதே காரணத்துக்காக இன்று அழவேண்டியதாகின்றது. கலைநோக்கில் இது தொடர்ச்சிப் படமொன்று அடையக்கூடிய உயர்ந்த வெற்றியாகும். ஒருவரது குறையைக் கண்டு சிரித்தல் எளிது. அக்குறையோடு வாழ்தல் அரிது என்பதை அறவுரை கூறாமலே அது உணர்த்திவிடுகின்றது.

ஆயினும் இவ்வெற்றியே இளங்குழந்தைக்குச் சுமையாகவும் அமைகின்றது. இரண்டு முதல் ஏழு வரையான வயதில் உலக நிகழ்ச்சிகளைத் தன்னை மையமாக வைத்தே குழந்தை நோக்குகின்றது என உளவியலறிஞர் பியாஜே விளக்கியுள்ளார். தந்தை மகனைத் தேடும் முதற் கதை அத்தகைய குழந்தைக்கு ஆறுதல்; தன் தவறால் பெற்றோரைத் தொலைத்த பிள்ளை தேடியலையும் இரண்டாம் கதை அச்சுறுத்தல். கதை முன்னும் பின்னுமாக நினைவுகளூடே நகர்வதால், எது முன்பு நடந்தது, எது இப்போது நடக்கின்றது என்று பிரித்தறிதலும் அவ்வயதில் எளிதன்று. பெற்றோர் இறந்துவிட்டனர் என நம்பித் திறந்த கடலில் டோரி தனித்து நிற்கும் கட்டத்தில், மகிழ்ச்சியான முடிவு வரும் என்பதை ஐந்து வயதுக் குழந்தை எங்ஙனம் அறியும்?

முசலியில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. சிலாவத்துறை, அரிப்பு முதலிய ஊர்களின் சிறுவர்க்குக் கடல் கண்காட்சிப் பொருளன்று. தந்தையும் தமையனும் தொழிலுக்குச் சென்று மீளும் இடம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களும், 2007இல் முள்ளிக்குளத்தைவிட்டு நீங்கிய கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களும் இப்பிரதேசத்துக்கு உரியோர். இன்றைய சிறுவர் அவ்விடப்பெயர்வுகளைக் கண்டவரல்லர். மூத்தோர் வாய்மொழியிற் கேட்டவர். டோரியின் பெற்றோர் ஆண்டுக்கணக்காகச் சிப்பிகளை வரிசையாக அடுக்கி, மகள் வழியறிந்து வருவாளெனக் காத்திருந்தமை படத்தின் மிகச் சிறந்த காட்சியாகும். முத்துக்குளிப்பால் ஒருகாலத்திற் புகழ்பெற்ற கரையிலே சிப்பி வழிகாட்டியாகும் இக்காட்சி தனிப்பொருள் பெறுகின்றது. நெய்தலுக்குரிய இரங்கலும் இங்கே புலப்படுகின்றது. ஆனால், காத்திருந்தோர் யாவரையும் சென்றவர் வந்தடைவதில்லை. அவ்வாறு ஒருவர் மீளாத வீட்டுக் குழந்தை, நம்மவர் ஏன் வரவில்லை என்று கேட்குமாயின் அதற்கு விடையிறுக்கப் படத்தால் முடியாது. அருகிலிருக்கும் பெரியவரே விடையிறுக்க வேண்டும்.

படத்தின் உண்மையான குறைகள் வேறிடத்தில் உள்ளன. மறதியுடைய டோரி, கிட்டப்பார்வையுடைய சுறா, ஏழு கைகளே எஞ்சிய கணவாயினம் ஆகியோரைப் பரிவுடன் படைத்த அதே படம், பேச்சறியாத கடற்சிங்கமொன்றை ஏனையவை பாறையிலிருந்து விரட்டுவதைக் காட்டிச் சிரிக்கச் சொல்கின்றது. இஃது எள்ளலின்பாற்பட்ட நகை. அழுகை குழந்தையைப் பண்படுத்தக்கூடும். இவ்வெள்ளல் அதனைக் கெடுக்கவே செய்யும். பெற்றோர்க்கு எச்சரிக்கை தேவைப்படுவது இவ்விடத்திலேயாம். இறுதியில் பாரவூர்தி கடலிற் பாயும் காட்சியும், முன்னர் ஈட்டிய உணர்வமைதியைப் பரபரப்பினாற் சிதைக்கின்றது.

எனவே, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தனியே விட்டுக் காட்டத்தக்கதன்று இப்படம். ஏழு வயதைக் கடந்தோர்க்கு இது பெரிதும் ஏற்றது. முசலி போன்ற இடங்களில் மூத்தோருடன் அமர்ந்து காணும்போது இன்னும் ஏற்றது. சொல்லத் தயங்கிய குடும்பக் கதைகளைச் சொல்வதற்கு அது வாயில் திறக்கும். குழந்தையை அழவைக்காத படமே நல்ல படம் என்னும் அளவுகோல் போதியதன்று. எதைக் கண்டு சிரிக்கவைக்கின்றது, அழுதபின் யாரிடத்தில் விட்டுச்செல்கின்றது என்பனவே கேட்கப்படவேண்டிய கேள்விகள்.