விச்வரூபமும் செயற்கை நுண்ணறிவும்

மஹாபாரதத்தைச் செயற்கை நுண்ணறிவால் காட்சிப்படுத்திய ‘மஹாபாரத்: ஏக் தர்மயுத்’ என்னும் ஹிந்தித் தொடர் 2025 அக்டோபரில் வெளிவந்தது. இத்தகைய அசைவூட்டப் படங்கள் இனிப் பெருகும். அவற்றின் எல்லையை அறிய ஏற்ற இடம் ஸ்ரீகீதையின் 11ஆம் அத்தியாயம்.

செயற்கை நுண்ணறிவு, முன்னமே உள்ள எண்ணற்ற படங்களைப் பயின்று, அச்சாயல்களைக் கொண்டே புதியதை வரைகிறது. விச்வரூபத்தை வேண்டினால், அச்சுப்படங்கள் பழக்கிய பல தலைகளும் பல கைகளுமே வரும். கண்ணனோ அவ்வுருவை அர்ஜுனனையன்றி முன்பு எவரும் கண்டதில்லை என்கிறான். ஊனக்கண் அதற்குப் போதாமையால் திவ்ய சக்ஷுஸ்ஸையும் தந்தருளுகிறான். அதனை அப்ராக்ருதமான கண் என்று விவரித்தருளினார் பாஷ்யகாரர். கண்டவற்றின் கலவை, காணப்படாததற்கு ஈடாகாது.

உருவமே ஆகாது என்பதன்று இதன் கருத்து. அர்ச்சாவதாரத்தில் ஈடுபட்ட ஸம்ப்ரதாயம் அவ்வாறு சொல்லாது. அங்கே எம்பெருமான் தன் ஸௌலப்யத்தால், அடியார் உகந்த உருவை ஏற்று எழுந்தருளியிருக்கிறான். படத்திலோ அவனைக் காட்டும் பொறுப்பைக் கணிப்பொறி ஏற்கிறது.

வழி மூலத்திலேயே உள்ளது. ஸஞ்ஜயன் அக்காட்சியை உரைப்பது கண்ணில்லாத த்ருதராஷ்ட்ரனுக்கு. அவனுக்குக் கிடைத்தவை சொற்களே. அர்ஜுனனுடைய மயிர்க்கூச்சு, கூப்பிய கைகள், தழுதழுத்த குரல், தோழனென்று எளிதாக அழைத்ததைப் பொறுக்க வேண்டுதல், பழைய உருவையே காட்டுமாறு இறைஞ்சுதல் ஆகியவற்றையெல்லாம் அச்சொற்கள் தாங்குகின்றன. படம் இவற்றை வரைந்து, விச்வரூபத்தைச் சொல்லுக்கு விட்டால் மூலத்துக்குப் பொருந்தும். அநந்ய பக்தியாலேயே தன்னைக் காணலாகும் என்று கண்ணன் முடிவில் அருளிச்செய்வதும் அப்போதுதான் பொருளுடையதாக நிற்கும்.