கராரா: கல் வைத்த அளவுகோல்

இத்தாலியச் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் நேரே ஃபிளாரன்ஸுக்கும் ரோமுக்கும் ஓடுகிறார்கள். அந்தக் கல் பிறந்த ஊரில் ஒரு பகலைக் கழித்தால்தான் சிலைகளின் தரம் பிடிபடும் என்பது என் கட்சி. டஸ்கனியின் வடமேற்கு மூலையில், அபுவான் மலையடியில் இருக்கிறது கராரா. ரோமானியர்கள் இங்கே சலவைக்கல் வெட்டி, பக்கத்து லூனி துறைமுகத்தில் கப்பலேற்றினார்கள். ரோமில் 113-இல் எழுந்த டிராஜன் தூண் இந்தக் கல்தான்.

வழிகாட்டியோடு காலையிலேயே ஃபான்டிஸ்கிரித்தி குவாரிக்கு ஏறிவிட வேண்டும். கல்லை ரகம் பிரிப்பதை அங்கே கேட்கலாம். நெருங்கிய மணி, ரேகையே இல்லாத வெண்மை, அதில் லேசான தந்தநிறம் இருந்தால் அது ஸ்தாத்துவாரியோ. சிற்பிகள் தவம் கிடப்பது இதற்குத்தான். சாம்பல் ரேகை ஓடினால் வெனாதோ, ரேகை வலையாகப் பின்னினால் அராபெஸ்காதோ. நீலச்சாம்பல் கல் பார்தில்யோ. பழைய நாளில் வெட்டிய பாறையைச் சோப்புத் தடவிய கட்டைகள்மேல் கயிறு கட்டி இறக்கினார்கள். கயிறு அறுந்தால் ஆள் மிஞ்சமாட்டான்.

டேவிட் சிலைக்கான கல்லும் இந்த மலையினுடையதே. 1464-இல் அகொஸ்தினோ தி தூச்சோ கைவைத்து, பாதியில் விட்ட கல் அது. ஃபிளாரன்ஸ் தேவாலய முற்றத்தில் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்ததை 1501-இல் மைக்கலாஞ்சலோ எடுத்துக்கொண்டார். உயரத்துக்கேற்ற பருமன் கல்லில் இல்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் டேவிட் ஒடுங்கித் தெரிவதன் காரணம் அதுவே.

மதியச் சாப்பாட்டுக்கு மலைமேல் உள்ள கொலொன்னாதா என்ற ஊர். குவாரித் தொழிலாளிகளின் கட்டுச்சோறாக இருந்த லார்தோ இன்று ஊருக்கே பெயர் வாங்கித் தருகிறது. சலவைக்கல் தொட்டியின் உட்புறத்தைப் பூண்டால் தேய்த்து, பன்றியின் முதுகுக் கொழுப்பை உப்பு, மிளகு, ரோஸ்மேரியோடு அடுக்கடுக்காக வைத்து மூடுகிறார்கள். குறைந்தது ஆறு மாதம் ஊற வேண்டும். தொட்டிக்கும் எந்தக் கல்லும் ஆகாது, மணி நெருங்கிய கராராக் கல்தான். இந்த லார்தோவுக்கு 2004-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாள்போலச் சீவி, சுட்ட ரொட்டிமேல் போட்டதும் கொழுப்பு கண்ணாடியாக நெகிழும். சைவர்களுக்கு ரொட்டியும் தக்காளியும் உண்டு, பரிதாபப்பட வேண்டாம்.

பிற்பகலில் சிற்பப் பட்டறைகள் உள்ள பியேத்ரசாந்தா. இங்குள்ள பட்டறைகளில்தான் இரண்டு மரபுகளின் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மைக்கலாஞ்சலோ வழி என்பது கல்லின் முகப்பிலிருந்து உள்நோக்கிச் செதுக்கிக்கொண்டே போவது. உளி ஒருமுறை தவறினால் திருத்தம் கிடையாது. சிற்பி கனோவாவின் (1757–1822) வழி வேறு. களிமண்ணில் உருச்செய்து, பிளாஸ்டரில் வார்த்து, அதில் புள்ளிகளைக் குறித்து, அந்த ஆழங்களைக் கருவியால் அளந்து கல்லுக்கு மாற்றுவது. பெருஞ்செதுக்கல் உதவியாளர் வேலை; கடைசித் தோலை மட்டும் ஆசான் தொடுவார். இதை நகலெடுப்பு என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். கனோவா சிலையில் சதை உயிரோடு தெரிவது அந்தக் கடைசிக் கைபட்டதால்தான்.

இப்போது பெருஞ்செதுக்கலைப் பல பட்டறைகளில் ரோபோ கை செய்கிறது. கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டும் அரம் பிடித்த மனிதருக்கு. பட்டறையை எடைபோட நினைப்பவர் சிலையின் காதுமடலையும் விரலிடுக்கையும் பார்த்தால் போதும். கருவியோடு நிறுத்திவிட்ட இடம் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.